பீரோ கதவில் ஒட்டிய வசனம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர், ஊர் இரண்டும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீளமான கடிதம். சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 38 வயது, கணவருக்கு 42. கல்யாணமாகி 13 வருஷம். சேலம், பெங்களூர் என்று சிகிச்சைக்கு அலைந்து ஓய்ந்துபோய், தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்து, தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவில் (CARA) பதிவு செய்தோம். இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஹோம் ஸ்டடி முடிந்துவிட்டது. தினமும் காலையில் எழுந்ததும் போனில் எங்கள் வரிசை நம்பரைப் பார்க்கிறேன், நகர்வதே தெரியவில்லை. புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை சங்கீதம் 113:9. பீரோ கதவில் ஒட்டி வைத்தேன். இப்போது அதைப் பார்த்தாலே அழுகை வருகிறது. சபையில் சிலர், 'சாராளுக்குக் கொடுத்தவர் உனக்குக் கொடுக்கமாட்டாரா, தத்தெடுக்கிறது அவிசுவாசம்' என்கிறார்கள். மாமியார் 'யார் ரத்தமோ' என்கிறார். மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் கணவர் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. போன வாரம் உறவுக்காரர் ஒருவர், தெரிந்த நர்ஸ் மூலமாக ஆண் குழந்தை கிடைக்கும், நாலு லட்சம் ஆகும் என்றார். இது கர்த்தர் திறந்த வாசலா? எனக்கு ஜெபிக்கவே முடியவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?"

அன்புச் சகோதரி,

அந்த நாலு லட்சம் விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைத் தள்ளிப்போட முடியாது. அந்த உறவுக்காரரிடம் இன்றைக்கே "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அது கர்த்தர் திறந்த வாசல் இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவுப்படி குழந்தையை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களே இதைச் செய்தால் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு. 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை பற்றிய ஆடியோ ஒன்று வெளியே வந்து ஊரெல்லாம் பேச்சானது உங்களுக்கும் நினைவிருக்கும்.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன்பு, தத்தெடுப்பு மையம் ஒன்றில் சமூகப் பணியாளராக இருந்தபோது, ஒரு தம்பதி இரண்டரை வயதுப் பெண் குழந்தையோடு குழந்தைகள் நலக் குழு முன் வந்து நின்றார்கள். பிறந்த மறுநாளே பணம் கொடுத்து வாங்கிய குழந்தை. பிறப்புச் சான்றிதழில் இவர்கள் பெயரையே போட்டிருந்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறு, அவர் மனு போட்டுவிட்டார். அன்றைக்குக் குழந்தையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. வராந்தாவில் வைத்துத் தூக்கிக் கொடுக்கும்போது குழந்தையின் ஒரு கால் செருப்பு கீழே விழுந்துவிட்டது. அந்த அம்மா அதை எடுத்து, கொடுக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உங்களைப் போலவே காத்திருந்து களைத்தவர்கள்தான். இரண்டரை வருஷமும் வாசலில் வண்டி நின்றாலே பயமாக இருக்கும் என்று அப்புறம் சொன்னார்.

இதில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள், பெற்றவள். சட்டப்படி குழந்தையை ஒப்படைக்கிற தாய்க்கு மனம் மாறுவதற்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், யாரும் தடுக்க முடியாது. புரோக்கர் வழியில் அவளுக்கு அந்த இரண்டு மாதம் கிடைக்காது. அவள் சம்மதித்தாளா, மிரட்டினார்களா, குழந்தை இறந்துவிட்டது என்று சொன்னார்களா, எதுவும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. சபையில் உங்களுக்குச் சாராளைக் காட்டுகிறார்கள். அதே சாராள் காத்திருக்க முடியாமல், பிள்ளைக்காகத் தன் அடிமைப்பெண் ஆகாரைக் கணவனுக்குக் கொடுத்து ஒரு குறுக்கு வழி தேடினாள், அந்த வழியில் அடிபட்டது ஆகார். வனாந்தரத்தில் தேவன் தேடிப் போய்ப் பார்த்தது அவளைத்தான். "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று சொன்னது அவள்தான். அந்த நர்ஸைப் பற்றி உறுதியான தகவல் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். அங்கே இருக்கிற குழந்தைக்கு அதுவே பெரிய உதவி.

சரி, இப்போது உங்கள் மனதுக்கு வருகிறேன்.

விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. போனவர்கள் இப்படி இரண்டு பக்கம் எழுதிக் கேட்கமாட்டார்கள். பிள்ளையில்லாமல் தவித்த அன்னாளை நினைத்துப் பாருங்கள். சீலோவில் ஆலயத்துக்குள் நின்று ஜெபிக்கிறாள், உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஆசாரியனுக்கே அது ஜெபமாகத் தெரியவில்லை, குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று அவளே விளக்க வேண்டியிருந்தது. வேதம் அதை ஜெபம் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. பீரோ முன்னால் நின்று நீங்கள் அழுவதையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

இன்னொரு வசனத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அது என் கண்ணில் சரியாகப் பட்டது. ரோமர் 8:23: "ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமுங்கூட நம்முடைய சரீர மீட்பாகிய புத்திரசுவிகாரம் வருகிறதற்குக் காத்திருந்து, நமக்குள்ளே தவிக்கிறோம்." புத்திரசுவிகாரம் என்றால் என்ன? சுவீகாரம், தத்து. பவுல் ரோமரிலும் கலாத்தியரிலும் எபேசியரிலும், தேவன் நமக்குச் செய்ததைச் சொல்ல எடுத்துக்கொண்ட சொல் இதுதான். சுவீகாரம், காத்திருத்தல், தவிப்பு மூன்றும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. தவிக்கிறவர்களைப் பவுல் கண்டிக்கவில்லை, "நாமுங்கூட" என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். தத்தெடுப்பது அவிசுவாசம் என்று உங்களிடம் சொல்கிறவர்களும் இந்த வசனத்தைப் படித்தவர்கள்தான். அந்தச் சொல்லின் அர்த்தத்தை நின்று யோசித்திருக்கமாட்டார்கள். தகப்பனும் தாயும் இறந்த எஸ்தரை மொர்தெகாய் "தன் குமாரத்தியாக எடுத்துக்கொண்டான்" என்று எஸ்தர் 2:7இல் இருக்கிறது. நாணற்பெட்டியில் வந்த மோசே பார்வோன் குமாரத்திக்கு மகனானான். யோசேப்பு இயேசுவை வளர்த்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் போதகரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். இனிமேல் ஜெபக்கூட்டத்தில் உங்களை முன்னால் கூப்பிட்டு "கர்ப்பத்தின் கனி"க்காக ஜெபிக்க வேண்டாம், எங்கள் குடும்பத்துக்கு வரப்போகிற பிள்ளைக்காக ஜெபியுங்கள் என்று கேளுங்கள். வார்த்தை மாறினால் சபையின் பார்வையும் மெல்ல மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற ஆராதனை அன்று உட்கார முடியாவிட்டால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். கர்த்தர் அதைக் குற்றமாக எண்ணமாட்டார்.

அப்புறம் அந்த அட்டை. "மலடியைச் சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சியாக்கி, வீட்டிலே குடியிருக்கப்பண்ணுகிறார்." புத்தாண்டு அட்டையை நாம் எல்லாரும் அந்த வருஷத்துக்கான ரசீதாக எடுத்துக்கொள்கிறோம், டிசம்பர் 31க்குள் நடந்தாக வேண்டும் என்கிற மாதிரி. நானும் அப்படி எடுத்துக்கொண்டு நொந்துபோன வருஷங்கள் உண்டு. அந்தச் சங்கீதம் கர்த்தர் எப்படிப்பட்டவர் என்று பாடுகிறது, தேதி குறிக்கவில்லை. இத்தனை மாதத்தில் உங்களுக்குப் பிள்ளை வந்துவிடும் என்று நானும் எழுதமாட்டேன். அப்படி எழுத எனக்கு உரிமை இல்லை. பார்க்கப் பார்க்க வலிக்கிறது என்றால் அட்டையைக் கழற்றி வேதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வேறு வசனம் ஒட்டலாம் என்று தோன்றினால் சங்கீதம் 68:5 பாருங்கள். "திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன்" என்று கர்த்தரைச் சொல்கிற வசனம்.

ஏன் அந்த வசனம் என்றால், காத்திருக்கிறது நீங்கள் மட்டும் இல்லை. உங்கள் பிள்ளை இப்போது எங்கோ ஒரு காப்பகத் தொட்டிலில் இருக்கலாம். இன்னும் பிறக்காமலும் இருக்கலாம். நம் மாவட்டக் கதையே உங்களுக்குத் தெரியும். வளர்க்க விரும்பாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப்போக வழி செய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது, 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு வந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள்தான் இருந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்று நினைத்த வீடுகள் இருந்த மண் இது. இதே மண்ணில் இன்று ஒரு பிள்ளைக்காக இரண்டு வருஷமாக வரிசையில் நிற்கிற வீடும் இருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆகவே ஜெபிக்க முடியாத நாளில் உங்களுக்காக ஜெபிக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்காக ஒரே வரி ஜெபியுங்கள்: இன்றைக்கு ராத்திரி அழுதால் யாராவது தூக்கட்டும். முடிந்தால் பெற்றவளுக்காகவும் ஒரு வரி. இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு மாதத்துக்குள் அவள் மனம் மாறித் தன் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டால், உங்கள் வரிசையில் ஒரு குழந்தை குறையும். அதற்கும் ஸ்தோத்திரம் சொல்கிற இடத்துக்கு என்னிடம் வந்த சில தாய்மார்கள் வந்து சேர்ந்தார்கள். உடனே வரவில்லை. ஆனால் வந்த பிறகு, காலையில் நம்பர் பார்க்கும்போது முன்பு இருந்த பதற்றம் இல்லை என்றார்கள். நம்பரைக் கூட வாரம் ஒரு நாள் பார்த்தால் போதும். சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்குக் காரணம் உங்கள் பாவமும் இல்லை, உங்கள் ஃபைலில் குறையும் இல்லை. சட்டப்படி தத்துக்குத் தயாராக இருக்கும் சின்னக் குழந்தைகள் குறைவு, பதிவு செய்திருக்கும் பெற்றோர் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு மூன்று வருஷத்துக்கு மேலும் ஆகிறது. ஆதரவற்று விடப்பட்ட குழந்தை என்றால் பெற்றவர்களைத் தேடிப் பார்த்த பிறகுதான் குழந்தைகள் நலக் குழு "தத்து கொடுக்கலாம்" என்று அறிவிக்கும். அந்தத் தேடல் உங்களுக்கும் நல்லதுதான், நாளைக்கு யாரும் வந்து கேட்க முடியாது. கொஞ்சம் பெரிய பிள்ளை, அண்ணன் தங்கையாக இரண்டு பேர், சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளை என்றால் காத்திருப்பு பெரும்பாலும் குறையும். அதை யோசிக்கலாம். ஆனால் களைப்பில் முடிவெடுக்காதீர்கள். நாலு வயதுப் பிள்ளை நாலு வருஷ நினைவோடு வரும், அதற்கு மனம் இருக்கிறதா என்று இருவரும் உட்கார்ந்து பேசித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வயது பற்றிப் பயம் வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருவர் வயதையும் கூட்டி 85 வரை அனுமதி, உங்களுக்கு 80தான் ஆகிறது.

மாமியார் விஷயம். "யார் ரத்தமோ" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு பயம் இருக்கும்: சொத்து, ஊர்ப்பேச்சு. சொத்துக்குத் தெளிவான பதில் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. அதனால் முன்பெல்லாம் நம் ஆட்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாவலராக மட்டும் இருக்க முடிந்தது, அப்பா அம்மாவாக முடியவில்லை. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2006இல் வந்த திருத்தமும் எல்லா மதத்தினருக்கும் வழி திறந்தன. இன்று காரா வழியாக வருகிற பிள்ளை, உயில் எழுதாமல் போனாலும் உங்கள் வாரிசுதான். 2022 செப்டம்பர் முதல் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதும் இல்லை, கலெக்டரே தத்து உத்தரவு தருகிறார். கலெக்டர் கையெழுத்து என்று சொல்லிப் பாருங்கள், பெரியவர்களுக்கு அதில் ஒரு தைரியம் வரும். ஒரு எச்சரிக்கை: உறவில் யாராவது பிள்ளையைத் தருகிறோம், பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றால் சரி சொல்லிவிடாதீர்கள். உறவுக் குழந்தைக்கும் காரா வழிதான்.

ரத்தத்துக்குப் பதில் உங்கள் வீட்டு நர்சரியிலேயே இருக்கிறது. கீழே இருக்கிற கன்று எந்த மரத்துக் கொட்டையில் முளைத்ததோ யாருக்குத் தெரியும்? அதன்மேல் ஒட்டுக் கட்டி, டேப் சுற்றி, துளிர் விடும்வரை நிழலில் வைத்துக் காக்கிறார்கள். நாலு வருஷம் கழித்துக் காய்க்கும்போது அது ஒரே மரம். பவுலும் ரோமர் 11இல் காட்டொலிவக் கிளையை ஒட்டவைத்ததைத்தான் சொல்கிறார். உவமையை இதற்குமேல் இழுக்க வேண்டாம், பிள்ளை மாங்கன்று இல்லை. அதற்கென்று ஒரு தொடக்கம் இருக்கிறது. அதை மறைக்காமல், விவரம் தெரியும் முன்பிருந்தே கதைபோலச் சொல்லி வளர்க்க வேண்டும். பக்கத்து வீட்டார் வாயிலிருந்து தெரிந்துகொண்ட பிள்ளைகளின் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். தத்தெடுத்ததற்காக அவர்கள் கோபப்படவில்லை, மறைத்ததற்காகக் கோபப்பட்டார்கள்.

உங்கள் கணவர் பேசாததைக் கவலையில்லாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்னாளின் கணவன் எல்க்கானா பேசினான்: "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா?" அன்பாகத்தான் கேட்டான், அதனால் அன்னாளின் அழுகை நின்றுவிடவில்லை. என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் என்று வாயை மூடிக்கொள்கிற ஆண்கள் நிறைய. எதிரில் உட்கார வைத்துக் கேட்காமல், அவர் ஒட்டுக் கட்டும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். டேப்பை வெட்டிக் கொடுங்கள். கை வேலையாக இருக்கும்போது வாய் திறக்கிறவர்கள் உண்டு. "நம்ம பிள்ளை வந்தா முதல்ல எங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள்.

தூக்கம், பசி இரண்டும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் டாக்டரிடம் போங்கள். போனில் பேசுவது எளிது என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். மருந்து எடுத்தால் ஜெபம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இனி வரும் மாதங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சின்னச் சட்டை வாங்கி அடுக்காதீர்கள், என்ன வயதில் வரும் என்று தெரியாது, அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு எழுதுங்கள். பதிவு செய்த தேதி, ஹோம் ஸ்டடிக்கு அக்கா வந்த அன்று என்ன சமைத்தீர்கள், அப்பா எந்த மரத்தை உனக்கென்று காய்க்க விட்டிருக்கிறார், எல்லாம். தருமபுரியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளைக்குப் பதினோரு வயது. அவள் அம்மா எழுதிய நோட்டில் ஒரு பக்கம் முழுக்க மழை என்று மட்டும் இருக்கிறது. அன்றைக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லையாம். அந்தப் பிள்ளைக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். தான் வருவதற்கு முன்பு அம்மா தன்னை நினைத்துக்கொண்டு மழையைப் பார்த்தாள் என்று என்னிடம் காட்டினாள்.

கடைசியாக இரண்டு காரியம். ஹோம் ஸ்டடி அறிக்கை மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து, இரண்டு மாதம் முன்பே சமூகப் பணியாளரைக் கூப்பிடுங்கள், அல்லது கலெக்டர் ஆபீசில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். பதிவு செய்த போன் நம்பரை மாற்ற வேண்டாம். அழைப்பு வரும்போது போட்டோ, குழந்தையின் விவர அறிக்கை, மருத்துவ அறிக்கை எல்லாம் வரும், முடிவு சொல்ல 48 மணி நேரம்தான் இருக்கும். மருத்துவ அறிக்கையை யாரிடம் காட்டிக் கேட்பது என்று ஒரு குழந்தை நல மருத்துவரை இப்போதே பார்த்துப் பேசி வைத்துவிடுங்கள். உங்கள் போதகர் வீட்டு நம்பரும் பக்கத்தில் இருக்கட்டும். எந்த நேரமானாலும் என்னையும் கூப்பிடலாம்.